சாமான் போகும் வழியை முதலில் பாருங்கள்: கோலாலம்பூர் வீட்டைக் காலிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பல தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் போர்ச்சில் கறுப்புப் பைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அலமாரியைப் பிரித்து, வேண்டாததை ஒதுக்கி, கட்டியும் வைத்தாயிற்று. "யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்று வைத்தது, யாருக்கு என்று முடிவாகாமலே இருக்கிறது. சாயங்கால மழையில் பை நனைகிறது. உள்ளே இருக்கும் துணி பூஞ்சை பிடிக்கிறது. வீட்டுப் பெரியவர் ஒரு பையைப் பிரித்து மூன்று சட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோகிறார். தீபாவளி முடியும்போது பாதி சாமான் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது.

சாமானைக் கழிக்க மனம் வராததால் மட்டும் வீடு நிறைவதில்லை. கழித்தது வெளியே போக வழி இல்லாததால்தான் அதிகம் நிறைகிறது. அதனால் இந்த வழிகாட்டி அலமாரியைத் தொடுவதற்கு முன் வாசலிலிருந்து தொடங்குகிறது. எந்தச் சாமான், எந்த நாளில், யார் கையில் போகும் என்பதை எழுதி வைத்துவிட்டுப் பிறகு கதவைத் திறங்கள்.

வெளியேறும் வழிகள்

ஒரு தாளில் ஐந்து தலைப்பு எழுதுங்கள்: குப்பை லோரி, மறுசுழற்சி, பழைய இரும்பு, கொடுப்பது, விற்பது. ஒவ்வொன்றுக்கும் நேரே நாளும் தொடர்பு எண்ணும் இருக்க வேண்டும். இவை கிடைக்காத தலைப்பில் எந்தச் சாமானையும் ஒதுக்காதீர்கள்.

கோலாலம்பூரில் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2007 நடப்பில் உள்ளது. வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைக்கும் ஏற்பாடு 2015 செப்டம்பர் 1-இல் தொடங்கியது. தரை வீடுகளுக்கு வாரம் இரண்டு நாள் சாதாரணக் குப்பையும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் எடுக்கப்படும். பெரிய சாமானும் தோட்டக் கழிவும் அந்த ஒரு நாளில்தான் போகும். பழைய சோபா, மெத்தை, அலமாரி இவற்றுக்கு அதுதான் வழி. உங்கள் தாமானுக்கு எந்த நாள் என்பதைக் குப்பை எடுக்கும் நிறுவனமான அலாம் ஃபுளோராவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, முதல் நாள் இரவுக்கு முன் எதையும் வெளியே வைக்காதீர்கள். புதுப்பித்தல் வேலையின் சிமெண்டு, ஓடு, செங்கல் இதில் சேராது. அதற்குத் தனியாக ரோரோ எனப்படும் பெரிய குப்பைத் தொட்டி வாடகைக்கு எடுக்க வேண்டும். மறுசுழற்சிக்குக் காகிதம் நீலப் பை, பிளாஸ்டிக் வெள்ளைப் பை, கண்ணாடி, உலோகம் போன்ற மற்றவை பச்சைப் பை. கையிலிருக்கும் எந்தப் பையானாலும் பரவாயில்லை, கலக்காமல் இருந்தால் போதும்.

அடுக்குமாடியில் இருந்தால் நிர்வாக அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பெரிய சாமானை எங்கே வைப்பது, எந்த லிஃப்ட், எந்த நேரம் என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. படிக்கட்டு முகப்பில் மெத்தையைச் சாய்த்து வைப்பது தீப்பிடித்தால் அக்கம்பக்கத்தார் தப்பிக்கும் வழியை அடைப்பதாகும். ஒரு ராத்திரிக்குக்கூட அதைச் செய்யாதீர்கள்.

பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. அங்கே தீவில் மாநகர் மன்றமும் பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றமும் நேரடியாகப் பார்க்கின்றன. 2016 முதல் அங்கும் வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்ற கொள்கை உண்டு. ஜார்ஜ்டவுனில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வழி, லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை. விளக்கு, கடிகாரம், பழைய பாத்திரம், நாணயம் இவற்றின் மதிப்புத் தெரிந்த கண்கள் அங்கே உண்டு.

'பேப்பர் லாமா' லோரி தெருவுக்கே வந்து காகிதம், இரும்பு, பழைய மின்சாதனம் எடுத்துக்கொண்டு காசும் கொடுக்கும். வசதிதான். ஆனால் அந்தக் காசு எடைக்கான காசு. எதை அந்த லோரியில் ஏற்றக் கூடாது என்பதைக் கீழே அந்தந்த இடத்தில் சொல்கிறோம். ட்சு சி என்ற பௌத்த அற அமைப்பின் மறுசுழற்சி நிலையங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல தாமான்களில் இருக்கின்றன. அங்கே கொடுப்பது விற்கப்பட்டு அறப்பணிக்குப் போகிறது.

ஒரு எச்சரிக்கை. மலிவாக 'எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறோம்' என்று வரும் லோரிகளில் சில, ஆற்றோரமோ காலி நிலமோ பார்த்துக் கொட்டிவிட்டுப் போகின்றன. கொட்டிய குவியலில் உங்கள் பெயர் போட்ட மின்சாரக் கட்டணச் சீட்டு இருந்தால், விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும். எங்கே கொண்டுபோய்ப் போடுகிறார்கள் என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். போகிப் பண்டிகைக்குப் பழையதை எரிப்பதும் இங்கே முடியாது. திறந்தவெளியில் எரிப்பது சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இன்படி குற்றம். போகியன்று மறுசுழற்சிப் பைகளைக் கட்டி முடித்து அனுப்புவதே பொருத்தமான போகி.

எவ்வளவு நேரம், என்ன சாமான்

மூன்று அறைத் தாமான் வீட்டுக்கு வாரம் இரண்டு முறை, ஒரு முறைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால், ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். ஒரே வாரக் கடைசியில் முடிக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலானவர்கள் கைவிடுவதற்குக் காரணம். மூன்றாவது மணி நேரத்துக்குப் பிறகு முடிவெடுக்கும் தெம்பு குறைந்துவிடும். அதன்பின் எல்லாமே 'இருக்கட்டும்' என்றாகிவிடும். அமர்வு முடியும் கடைசி இருபது நிமிடம் பிரிப்பதற்கு அல்ல. பை கட்டி, பெயர் ஒட்டி, காரின் பின்பக்கத்திலோ வாசலிலோ வைக்கத்தான் அந்த நேரம்.

இரண்டு நிறத்தில் பெரிய பை, மாஸ்கிங் டேப், தடித்த மார்க்கர், கையுறை, முகக்கவசம், சிறு காந்தம், ஸ்குரூடிரைவர், ஒரு ஷூப் பெட்டி. இவ்வளவு போதும். புதிய பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கிவிட்டுத் தொடங்காதீர்கள். பெட்டி வாங்கினால் அதை நிரப்பச் சாமான் தேடுவோம். அந்த ஷூப் பெட்டி, இடையில் கிடைக்கும் சாவி, நாணயம், அடமானச் சீட்டு, தனிக் காதணி போன்றவற்றுக்கு. அடமானச் சீட்டு கிடைத்தால் அன்றே தேதி பாருங்கள். அடகுக்காரர் சட்டம் 1972-இன்கீழ் மீட்கும் காலம் ஆறு மாதம்.

போர்ச்சும் பின்கட்டும் முதலில்

வீட்டுக்குள் தொடங்க வேண்டும் என்றுதான் தோன்றும். வெளியில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வெளியில் இருப்பவை பெரும்பாலும் ஏற்கெனவே கெட்டுப்போனவை. முடிவெடுப்பது சுலபம், இடமும் உடனே கிடைக்கும். அந்த இடம்தான் பிறகு பைகள் காத்திருக்கும் இடம்.

இன்னொரு காரணம் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு. பழைய டயர், உடைந்த வாளி, கவிழ்க்காத பூந்தொட்டித் தட்டு, சுருட்டி வைத்த கான்வாஸ் விரிப்பின் மடிப்பு என எங்கே கொஞ்சம் தெளிந்த நீர் நின்றாலும் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். நீர் வற்றினாலும் முட்டை பல மாதம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் டயரையும் வாளியையும் வைத்துக்கொள்வதானால் உட்புறத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும், நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் 1975-இன்படி, வீட்டு வளாகத்தில் கொசு வளரும் இடம் கண்டால் 500 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் விதிக்கலாம். நீதிமன்றத்துக்குப் போனால் முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை போகும்.

வெளியில் கிடக்கும் சமையல் எரிவாயுத் தோம்பு வேண்டாமென்றால் கேஸ் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். பெயிண்ட் டின்னில் மிச்சம் இருந்தால் மணலோ மரத்தூளோ போட்டுக் காய்ந்து கெட்டியானபின் குப்பையில் போடலாம். கால்வாயில் ஊற்றக் கூடாது. தின்னரும் பூச்சிமருந்தும் இந்த வழியில் போகாது. மூடியை இறுக்கித் தனியாக வையுங்கள். மாநகர் மன்றம் ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் கேட்டு ஒப்படைக்க வேண்டும்.

ஸ்டோர் ரூமும் படிக்கட்டின் அடியும்

கதவைத் திறந்ததும் எலிப் புழுக்கை தெரிந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். பெருக்கினால் தூசியோடு காற்றில் பறக்கும். எலிச் சிறுநீரில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்க வாய்ப்புண்டு. கையுறை, முகக்கவசம் போட்டு, ஒரு பங்கு குளோராக்ஸுக்கு (ப்ளீச்) ஒன்பது பங்கு நீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் விட்டு, ஈரத்தோடு தாளால் துடைத்தெடுங்கள். அந்தக் கலவையோடு வேறு எந்தக் கழிவறைத் திரவமும் சேரக் கூடாது, நச்சுவாயு வரும்.

அட்டைப் பெட்டிகள்தான் இங்கே பெரிய பகை. நம் ஊர் ஈரப்பதத்தில் அட்டை ஈரம் இழுக்கும், கரையான் வரும், வெள்ளிப்பூச்சி வரும். சுவரில் பென்சில் பருமனுக்கு மண் கோடு ஏறியிருந்தால் அது கரையான் பாதை. கடையில் விற்கும் பூச்சி ஸ்பிரேயை அதன்மேல் அடித்தால் அந்த இடத்தில் சில செத்துப்போகும், கூட்டம் வேறு பக்கமாக வீட்டுக்குள் நுழையும். கோட்டைக் கலைக்காமல் விட்டுக் கரையான் ஒழிப்பவரைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்த அறையின் மரச் சாமானையும் பெட்டியையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கரையானையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். ஸ்டோரில் திரும்ப வைப்பவை தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஒரு கையகலம் தள்ளி இருக்கட்டும்.

ஸ்டோரில் அடிக்கடி கிடைப்பது மற்றவர் சாமான். கல்யாணமாகிப் போன மகளின் பல்கலைக்கழகப் புத்தகம், சிங்கப்பூரில் வேலைக்குப் போன தம்பியின் கிட்டார், மாற்றலாகிப் போன உறவினரின் டிவி. அவர்களுக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒரு மாதத் தேதி சொல்லுங்கள்: "இந்தத் தேதிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் யாருக்குக் கொடுக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்." தேதியை மாஸ்கிங் டேப்பில் எழுதிச் சாமானின்மேல் ஒட்டுங்கள்.

சமையலறை: பாத்திரம் என்னும் பெரும் பகுதி

நம் வீடுகளில் இடத்தை விழுங்குவதில் துணிக்கு அடுத்தது பாத்திரம். சீர் கொடுத்தது, கல்யாணத்தில் வந்தது, காதுகுத்தில் வந்தது, கிரகப்பிரவேசத்தில் வந்தது. எல்லாம் எவர்சில்வர், எதுவும் உடையாது. அதனாலேயே எதுவும் போகாது.

முதலில் எல்லா மூடிகளையும் டப்பாக்களையும் தரையில் கொட்டிச் சோடி சேருங்கள். மூடி இல்லாத டப்பாவும், டப்பா இல்லாத மூடியும் அன்றே வெளியே. தாப்பாவ் (கடைச் சாப்பாட்டைக் கட்டி) வாங்கி வந்த பிளாஸ்டிக் டப்பாக்களில் பத்து போதும். உட்புறம் மங்கி, குழம்பு மஞ்சள் ஏறியவற்றில் சூடான உணவு போடுவது நல்லதுமல்ல. மைலோ டின்களில் துரு பிடித்தவை பழைய இரும்புக்கு. நல்லவற்றில் அரிசி, பருப்பு வைக்கிறீர்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். காலியாக இருக்கும் டின் என்றால் அனுப்புங்கள்.

அடுத்து, 'திறந்த இல்ல உபசரிப்புக்கு வேண்டும்' என்ற வாதம். தீபாவளிக்கு ஐம்பது பேர் வருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு நாளுக்கு இரண்டு பெரிய அண்டா, ஒரு பெரிய வாணலி, இரண்டு கரண்டி, ஒரு ஜல்லடை போதும். மீதி கேட்டரிங் காரர்களிடமும் கூடாரம் வாடகைக்கு விடுபவர்களிடமும் கிடைக்கும். அன்றாடத்துக்கு ஒரு ஆளுக்கு இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், இரண்டு கிண்ணம் என்று கணக்கிட்டு, விருந்தாளிக்கு ஆறு செட் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் இருப்பது வேறொருவரின் வீட்டுக்குரியது. புதிதாகக் குடும்பம் தொடங்கும் பிள்ளைகள், ஆதரவற்றோர் இல்லங்கள், அன்னதானம் நடக்கும் கோயில் மடப்பள்ளி ஆகியவை பாத்திரத்தை உண்மையாகவே பயன்படுத்தும் இடங்கள். முன்னதாகத் தொலைபேசியில் பேசி, என்ன அளவு வேண்டும் என்று கேட்டுக் கொண்டுபோங்கள். கோயில்களுக்குப் பெரும்பாலும் இருபது லிட்டருக்கு மேற்பட்ட பாத்திரம்தான் உதவும், சின்னச் சொம்புகள் அவர்களுக்கும் சுமை.

பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போகும் முன் உலோகத்தைப் பிரித்துவிடுங்கள். கலந்து கொடுத்தால் குறைந்த விலைதான் எல்லாவற்றுக்கும் கிடைக்கும். பொதுவாகச் செம்பு மேலே, அடுத்து பித்தளை, அடுத்து அலுமினியம், அதன்பின் எவர்சில்வர், கடைசியில் இரும்பு. காந்தம் இங்கேதான் வேலை செய்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தின் நடுவில் காந்தத்தை வையுங்கள். ஒட்டாமல் வழுக்கினால் பெரும்பாலும் நிக்கல் கலந்த உயர்ந்த ரகம். இறுக்கமாக ஒட்டினால் நிக்கல் இல்லாத ரகம், அல்லது இரும்பு, விலை குறையும். விளிம்பில் வைத்துப் பார்க்காதீர்கள், அழுத்தி மடித்த இடத்தில் நல்ல எவர்சில்வரும் லேசாக ஒட்டும். பித்தளை என்று நினைத்தது காந்தத்தில் ஒட்டினால், உள்ளே இரும்பு, மேலே பூச்சு. பிளாஸ்டிக் கைப்பிடியையும் ரப்பரையும் ஸ்குரூடிரைவரால் கழற்றிவிடுங்கள்.

உள்ளே பூச்சு உரிந்த நான்ஸ்டிக் சட்டியை யாருக்கும் தானம் கொடுக்காதீர்கள். வால்வு தேய்ந்த பிரஷர் குக்கரும் அப்படியே. நமக்கு ஆபத்தானது வாங்குபவருக்கும் ஆபத்துதான்.

துணியும் பட்டும்

அலமாரித் துணி முழுவதையும் கட்டிலில் கொட்டுங்கள் என்று சொல்வதுண்டு. ஆறு பேர் குடும்பத்தில் அது இரவு படுக்க இடமில்லாமல் செய்துவிடும். ஒரு தட்டு, ஒரு தட்டாகப் போங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடந்த பொங்கலிலிருந்து இந்தப் பொங்கல் வரை இதை ஒருமுறையாவது கட்டினோமா? இல்லையென்றால் தள்ளி வையுங்கள்.

கொடுக்கப் போகும் துணி துவைத்துக் காய்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் ஈரத்தோடு கட்டினால் இங்குள்ள வெப்பத்தில் இரண்டே நாளில் பை முழுவதும் பூஞ்சை வாசம். கிழிந்தது, கறை படிந்தது தனிப் பை. துணிகளை மறுசுழற்சிக்கு எடுக்கும் தொட்டிகள் கோலாலம்பூரில் பல பெட்ரோல் நிலையங்களிலும் அங்காடிகளிலும் இருக்கின்றன. எந்த நிலைத் துணியை வாங்கும் என்று தொட்டியின்மேலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள். தலையணை, மெத்தை, உள்ளாடை பெரும்பாலும் ஏற்கப்படாது.

பட்டுப் புடவைக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட வேண்டாம். ஒவ்வொன்றையும் மடிப்பு பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல ஆண்டு ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்புக் கோட்டிலேயே நூல் நூலாக விட்டிருக்கும். அந்தக் கோட்டின் இரு பக்கமும் விரல் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். விட்டுப்போனால் அது இனிக் கட்டும் புடவை இல்லை. கரையையும் முந்தானையையும் வெட்டி எடுத்து ரவிக்கைக்கோ குழந்தையின் பாவாடைக்கோ வைக்கலாம். சரிகை கறுத்திருந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக் பை அல்லது நாப்தலின் உருண்டை காரணம். உருண்டை சரிகையைத் தொடக் கூடாது. வைத்துக்கொள்ளும் பட்டை மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றுங்கள். அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா வைத்தால் கீழ்த்தட்டில் வையுங்கள். அதில் சேரும் திரவம் உப்புநீர். சாய்ந்து கொட்டினால் பட்டு போய்விடும்.

வெள்ளிச் சரிகை போட்ட பழைய காஞ்சிப் பட்டு எடைக்கே நல்ல விலை போகும். தமிழ்நாட்டில் அதை வாங்குவதையே தொழிலாகச் செய்பவர்கள் உண்டு. பாட்டி காலத்துப் புடவையை எடைத்துணிப் பையில் போடுவதற்கு முன் சரிகை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

மருந்து, மின்சாதனம்

தேதி முடிந்த மாத்திரைகளையும் மீந்த நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளையும் அட்டையோடு அரசு மருத்துவமனை அல்லது சுகாதாரக் கிளினிக் மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம். கழிவறையில் போட வேண்டாம். இன்சுலின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி எடுத்துச் செல்லுங்கள்; பையில் போட்டால் துப்புரவுப் பணியாளரின் கையைக் குத்தும்.

பழைய கைப்பேசி, மடிக்கணினி, டிவி, ஃபிரிட்ஜ், சலவை இயந்திரம் எல்லாம் மின்னணுக் கழிவு. தெருவில் வரும் லோரியும் எடுக்கும். ஆனால் பிரிக்கத் தெரியாதவர் ஃபிரிட்ஜின் குழாயை வெட்டியதும் உள்ளிருக்கும் வாயு வெளியேறிவிடும், செம்பு மட்டும் எடுத்துக்கொண்டு மீதி எங்கேயோ கிடக்கும். சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த இடங்களில் கொடுங்கள். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் அலாம் ஃபுளோரா நடத்தும், காரிலேயே போய் இறக்கிவிடும் மறுசுழற்சி நிலையத்திலும் கேட்கலாம். புதியது வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் விலை பேசுவதற்கு முன்பே கேளுங்கள்.

கைப்பேசியைக் கொடுக்கும் முன் படங்களை மாற்றி, வங்கிச் செயலிகளிலிருந்தும் டச் அண்ட் கோ பணப்பையிலிருந்தும் வெளியேறி, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்கி, அதன்பிறகே முழுவதும் அழியுங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால் வாங்கியவர் திறக்க முடியாது. வீங்கிய பேட்டரி இருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, மற்றவற்றோடு சேர்க்காமல் மின்னணுக் கழிவு நிலையத்தில் கொடுங்கள். குப்பை லோரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

காகிதம்: நிதானம் தேவைப்படும் இடம்

எல்லாவற்றிலும் திருப்பி வாங்க முடியாத இழப்பு காகிதத்தில்தான் நடக்கிறது. பேப்பர் லாமாவுக்குப் போகும் கட்டில் ஒவ்வொரு தாளையும் கையால் புரட்டாமல் கொடுக்காதீர்கள்.

எந்தக் காலத்திலும் எறியக் கூடாதவை: பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, இறப்புப் பத்திரம், குடியுரிமைச் சான்றிதழ், வீட்டுக் கிரான் (நில உரிமைப் பத்திரம்), தாத்தா பாட்டியின் பழைய அடையாளக் கார்டு, தோட்டத்தில் வேலை செய்ததைக் காட்டும் எந்தத் தாளும். நம் சமூகத்தில் இன்னும் பிறப்புப் பதிவும் குடியுரிமையும் சரியாகாத குடும்பங்கள் இருக்கின்றன. தேசியப் பதிவுத்துறையில் விண்ணப்பம் போடும்போது பெற்றோரும் அவர்களின் பெற்றோரும் இங்கே இருந்ததைக் காட்ட ஒரு மங்கிய தாள்கூட உதவும். உங்களுக்குத் தேவையில்லை என்றாலும் சித்தப்பா பிள்ளைகளுக்குத் தேவைப்படலாம். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வருமான வரித் தாள்களையும் அவற்றுக்கான ரசீதுகளையும் ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வீட்டைப் புதுப்பித்த ரசீதுகள் வீடு உங்கள் பெயரில் இருக்கும்வரை இருக்கட்டும். வாங்கி ஐந்து ஆண்டுக்குள் விற்றால் லாபத்துக்கு வரி உண்டு, புதுப்பித்த செலவைக் காட்டிக் கழிக்கலாம். மின்சாரம், தண்ணீர், தொலைபேசிச் சீட்டுகள் கட்டணம் சரியாகிவிட்டால் ஓர் ஆண்டு போதும். வாரண்டி அட்டைகள், பொருளே வீட்டில் இல்லையென்றால் உடனே கழியும்.

பழைய பெட்டியின் அடியில் வங்கிப் புத்தகமோ காப்புறுதிப் பத்திரமோ கிடைத்தால் 'செத்த கணக்கு' என்று ஒதுக்காதீர்கள். நீண்ட காலம் அசையாத பணம் அரசாங்கத்தின் கோரப்படாத பணப் பதிவாளரிடம் போய்ச் சேர்கிறது. அடையாளக் கார்டு எண்ணைப் போட்டு இகுமிஸ் இணையத்தளத்தில் தேடலாம். இறந்தவரின் பணத்தை வாரிசு கோரலாம். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் புத்தகமும் இந்த வகைதான். துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். புத்தகம் கிடைத்தால் கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள அலுவலகத்தில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நோட்டுகளும் இங்கேதான் ஒளிந்திருக்கும். பழைய 500, 1000 வெள்ளித் தாள்கள் 1999 ஜூலை 1 முதல் செல்லாது; சேகரிப்பவருக்கு மதிப்புண்டு. ஜப்பான் காலத்து வாழைமர நோட்டும் அப்படியே. ஒரு காசு நாணயங்கள் 2008-க்குப் பிறகு கடையில் புழங்கவில்லை என்றாலும் வங்கியில் போடலாம்.

புத்தகமும் பத்திரிகையும் தனி. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்ற தமிழ் நேசனின் பழைய இதழ், தோட்டத்து நாடக நோட்டீஸ், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், உள்ளூர்க் கவிஞர் சொந்தக் காசில் போட்ட சிறு நூல் இவற்றுக்கு வேறு பிரதியே இல்லாமல் இருக்கலாம். கிலோவுக்குச் சில காசு கிடைக்கும் என்று கட்டிவிடாதீர்கள். அட்டையையும் முதல் பக்கத்தையும் படமெடுத்து மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கோ, சேகரிக்கும் ஆர்வலர்களுக்கோ காட்டுங்கள். பாடநூல், பயிற்சிப் புத்தகம், பழைய பஞ்சாங்கம் போகலாம். தமிழ்ப்பள்ளி நூலகத்துக்குக் கொடுப்பதானால் பிள்ளைகள் படிக்கும் கதைப் புத்தகங்களாக, கிழியாதவையாகத் தேர்ந்தெடுங்கள்.

அடையாளக் கார்டு நகலும் வங்கி அறிக்கையும் கழியும்போது முழுத்தாளாகப் போகக் கூடாது. கிழிக்கும் இயந்திரம் இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் கையால் பிசைந்தால் கூழாகும். பிழிந்து குப்பையில் போடலாம்.

பூஜை அறை

விரிசல் விட்ட படம், நிறம் போன முருகன், மளிகைக் கடை காலண்டர்கள் எதையும் எறியக் கை வராது. அதனால் இரவில் கோயில் மரத்தடியில் வைத்துவிட்டு வருகிறார்கள். அங்கே மழையில் சட்டம் ஊறி, கண்ணாடி உடைந்து, கூட்டுபவர் காலில் ஏறுகிறது. இறைவனுக்கும் அது மரியாதை இல்லை.

படத்தைக் கீழே இறக்கி ஒரு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் பிரியுங்கள். கண்ணாடியைத் தடித்த செய்தித்தாளில் சுற்றி 'கண்ணாடி' என்று எழுதித் தனிப் பை. சட்டம் மரமானால் பெரிய சாமான் நாளில் போகும். தாள் படத்தை நீரில் ஊறவைத்துக் கரைந்தால் செடியடியில் சேர்க்கலாம். பளபளப்புப் பூச்சுள்ளது கரையாது. அதைச் சுத்தமான வெள்ளைத் தாளில் சுற்றி, சமையல் குப்பையோடு சேராமல் தனியாகக் கொடுங்கள். உடைந்த அகல் விளக்குகள் பூந்தொட்டியின் அடியில் நீர் வடிய உதவும். பித்தளைக் குத்துவிளக்கை எடைக்குப் போடும் முன் உறவில் கேளுங்கள், யாருக்காவது வேண்டியிருக்கும். சாமி சிலைகளை எடுப்பதானால் உங்கள் குருக்களிடம் கேட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். காலண்டர் அடுத்த ஆண்டு ஒன்று மட்டும் வாங்குங்கள்.

பெரியவர் வீட்டில் இருக்கும்போது

தோட்டத்து லயத்தில் ஒரு பெட்டியோடு வாழ்ந்தவருக்கு நிறைந்த அலமாரி என்பது பாடுபட்டதன் பலன். அவர் ஆஸ்பத்திரிக்கோ ஊருக்கோ போன நேரம் பார்த்துக் காலிசெய்வது கொடுமை. அதற்குப் பிறகு அவர் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார், எஞ்சியதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

கேள்வியை மாற்றுங்கள். "இதைத் தூக்கிப் போட்டுவிடலாமாம்மா?" என்றால் பதில் எப்போதும் "இருக்கட்டும்" தான். "இந்த இட்லிக் கொப்பரையை யாருக்குக் கொடுக்கலாம்மா? மாமா மகள் தனிக்குடித்தனம் போகிறாளே?" என்று கேட்டால் அவரே பெயர் சொல்வார், அவரே துடைத்துக் கொடுப்பார். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், பத்துப் பொருள், அவர் உட்கார்ந்தபடி. நாற்காலி அருகே கொண்டுவந்து காட்டுங்கள். முடிவு வராததை ஒரு பெட்டியில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதம் கேட்காமல் இருந்தால் திரும்பக் காட்டிக் கேளுங்கள், மறைவாக அனுப்பிவிடாதீர்கள்.

புகைப்படங்களைக் கடைசியில் அவரோடு பாருங்கள். முகத்தின் பெயர் தெரிந்தவர் அவர்தான். ஒட்டும் பக்கமுள்ள ஆல்பத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் நகத்தால் நெம்பாமல், பல் இடுக்கு நூலைப் படத்தின் பின்னால் மெதுவாக அறுத்தாற்போல் இழுத்தால் வந்துவிடும். வரவில்லையென்றால் பக்கத்தோடே படமெடுத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

விற்பதற்கு ஒரு கெடு

கேரோசல், முடா, ஃபேஸ்புக் சந்தை எதில் போட்டாலும் 14 நாள் கெடு வையுங்கள். புதுவிலையில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் இறக்கி, பதினான்காம் நாள் போகாததைக் கொடுத்துவிடுங்கள். அளவை டேப் வைத்தே படமெடுத்துப் போடுங்கள், பாதிக் கேள்வி குறையும். 50 வெள்ளிக்குக் கீழ் வரும் சாமானை விற்க மெனக்கெட வேண்டாம். பேசிப் பேசியே நேரம் போய்விடும். வாங்குபவர் பணம் அனுப்புவதற்கென்று ஒரு இணைப்பைத் தட்டச் சொன்னாலோ வங்கியிலிருந்து வரும் டிஏசி (ஒருமுறைக் கடவு) எண்ணைக் கேட்டாலோ அது மோசடி. பணம் பெற அந்த எண் தேவையே இல்லை.

காலியான அலமாரி

இரண்டு தட்டு காலியானதும் அலமாரியை அப்படியே விட்டால் அடுத்த திருவிழாவுக்குள் நிறைந்துவிடும். மூன்று அலமாரிச் சாமான் இரண்டில் அடங்கினால் மூன்றாவதை வீட்டைவிட்டே அனுப்புங்கள். பிளைவுட்டோ அமுக்கிய மரத்தூள் பலகையோ என்றால் பின்பலகையை முதலில் கழற்றுங்கள். அது கழன்றால் சட்டம் தானே ஆடும், பிறகு கதவு, கீல், தட்டு, கடைசியில் பக்கப்பலகை. கண்ணாடிக் கதவில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். ஆணிகளைப் பிடுங்குங்கள், முடியாதவற்றை வளைத்து அடியுங்கள். பலகைகளை ஓர் ஆள் தூக்கும் எடைக்குக் கட்டி, பெரிய சாமான் எடுக்கும் நாளுக்கு முந்தின இரவு, மழைநீர்க் கால்வாயை அடைக்காமல் வேலியோரம் சாய்த்து வையுங்கள். மழைக்கு ஊறிய மரத்தூள் பலகை தூக்கும்போது உதிர்ந்துவிடும். அதனால் வானம் கறுத்திருந்தால் வெளியே வைப்பதை விடியற்காலைக்குத் தள்ளுங்கள்.